சத்தம் போடாதே என்று சத்தம் போடுகிறவர்

சத்தத்துக்குப் பேர்போனவை என்று நாம் நாயையும் லாரியையும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியையும் வீணாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம். அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற இனம் ஒன்று உண்டு, ஐயா. அமைதிக்காரர்! பள்ளிக்கூட ஆண்டு விழாவிலே, துக்க வீட்டிலே, டூரிங் டாக்கீஸிலே, ரேடியோவில் செய்தி ஓடுகிற டீக்கடையிலே, எங்கே நாலு பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, "உஸ்ஸ்! சத்தம் போடாதீங்கப்பா!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பார். தூங்குகிற குழந்தை வீரிட்டு அழும். உடனே குழந்தையின் தாயை முறைப்பார்.

வரதராஜன்பேட்டைப் பக்கத்து இளையபெருமாள் இந்த இனத்தின் திலகம். அவருடைய அண்ணன் மகள் மலர்கொடி சென்னையில் மக்கள் தொடர்பியல் படித்தாள். எண்பத்தாறாம் வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு வந்தாள், காலேஜில் இரவல் வாங்கிய சின்ன சினிமா கேமராவும் அதற்கு ஒரே ஒரு சுருளும் ஒரு டேப் ரிக்கார்டருமாக. சாமி அழைக்கும் பறையடியைப் பதிவு செய்து ஒப்படைத்தால்தான் டிகிரி. இல்லையென்றால் அப்பா பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளை.

"எனக்காக இன்னொரு தடவை அடிச்சுக் காட்ட முடியாதாண்ணே?" என்று பறைக்குழுத் தலைவர் அங்கமுத்துவிடம் முன்கூட்டியே கேட்டுப் பார்த்தாள்.

"சாமி என்ன டவுன் பஸ்ஸா பாப்பா, இத வுட்டா அடுத்தது வர்றதுக்கு? வந்துட்டுப் போன சாமிய மறுபடி கூப்பிட்டா, 'எதுக்குடா கூப்பிட்ட'ன்னு கேக்கும். டேப்புக்குன்னா சொல்றது?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த இளையபெருமாளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒரே ஒரு வாய்ப்பு! பெண்ணின் படிப்பு! கூட்டமோ அடங்காத கூட்டம். இவரை விட்டால் வேறு நாதி ஏது?

"நீ கவலப்படாத கண்ணு. ஒரு ஈ காக்கா வாயத் தொறக்காம நான் பாத்துக்கறேன்."

"வேணாம் சித்தப்பா. நீங்க சும்மா உக்காந்திருங்க, அது போதும்."

சும்மா உட்காருவதா? அமைதிக்காரர் உட்கார்ந்து யார் கண்டது?

மறுநாள் காலை கோயில் வாசலில் பறை முழங்கியது. சாமி வருகிற நேரம் ஆயிற்றே, கூட்டம் தானாகவே வாயடைத்து நின்றது. யாரோ ஒருத்தர் லேசாகச் செருமினார். போதாதா? "ஏய், யார்றா அது? டேப்பு ஓடுதுல்ல?" குலவையிட வாயெடுத்த கலியம்மாளுக்கு "வாய மூடு தாயி!" என்று ஓர் அதட்டல். ஆட்டுக்குட்டிக்கு ஒன்று. கூட்டம் கேமராவை மறைத்துவிடக்கூடாதே என்று கேமராவுக்கு நேர் முன்னால் போய்க் கைகளை அகல விரித்து நின்றுகொண்டார். "சித்தப்பா! சித்தப்பா!" என்று மலர்கொடி கெஞ்சினாள். "நீயும் கத்தாத கண்ணு, பதிவாயிரும்!" என்றார். சாமி வந்தது. பறை நின்றது. சுருளும் தீர்ந்தது.

சாயந்திரம் டீக்கடையில் டேப்பைப் போட்டுக் கேட்டார்கள். பறை எங்கேயோ பக்கத்து ஊரில் அடிக்கிற மாதிரி இருந்தது. காதுக்குள்ளே வந்து இடித்ததெல்லாம் "உஸ்ஸ்! ஏய்! மூடு!"தான். மலர்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. இளையபெருமாள் முகம் சிவக்க எழுந்தார். பாவம், மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"எந்தப் பய இவன், இந்தக் கத்துக் கத்தியிருக்கான்? நான் அவ்வளவு சொல்லியும் அடங்கலியே! புள்ள படிப்பயே கெடுத்துப்புட்டானே! ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்கய்யா!"

யார் சொல்வது? டீ குடித்துக்கொண்டிருந்த அங்கமுத்துதான் கடைசியில் வாயைத் திறந்தார். "யாராச்சும் வெளியூரா இருக்கும்ங்க."

மலர்கொடி கெட்டிக்காரி. சென்னையில் பிலிமைக் கழுவிப் பார்த்தால் படத்திலும் ஒரு முதுகுதான் இருந்தது. 'சாமி அழைப்பு' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'என் சித்தப்பா' என்று எழுதி ஒப்படைத்தாள். தேறிவிட்டாள். இளையபெருமாளுக்குத்தான் அந்த வெளியூர்க்காரன் கையில் அகப்படவில்லையே என்று வெகுநாள் ஆறாத ஆத்திரம்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன மாசக் கச்சேரியில் பின்வரிசைக்காரர்களைத் திரும்பிப் பார்த்து நீங்களும் ஒரு "உஸ்" போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நாதஸ்வரக்காரர் சட்டென்று வாசிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாரே, அவர் பின்வரிசையைப் பார்க்கவில்லை.