ஹாரன் முதலாளியும் வெள்ளை வண்டியும்

ராஜபாளையத்தில் வண்டி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் முதலில் ஹாரனை வாங்கிவிட்டு, அந்த ஹாரனுக்கு ஒரு வண்டி வேண்டுமே என்று பதினான்கு மாதம் காத்திருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரிடம்தான் நான் என் முதல் சம்பளத்தை வாங்கினேன்.

அவருக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. தறிக்கூடத்து வாசலில் பலகையில் எழுதியும் வைத்திருந்தார்கள். அதைத் தபால்காரர்கூடப் படித்ததில்லை. ஊருக்கு அவர் ஹாரன் முதலாளி. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்வது தொழில். நாடெங்கும் அடிபட்டவர்களுக்குத் துணி அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு, வீட்டார் எல்லோரும் ஒரே வண்டியில் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்குப் போக வேண்டும் என்று ஓர் ஆசை. அதுவரை பாதிப் பேர் வாடகைக் காரிலும் மீதிப் பேர் பஸ்ஸிலும் போவார்கள். பஸ்ஸில் போகிற பாதியில் எப்போதும் முதலாளியம்மா இருப்பார்.

ஆகவே ஒருநாள் மதுரைக்குப் போய், எட்டுப் பேர் உட்காருகிற புதுமாடல் பெரிய வண்டி ஒன்றுக்குப் பதிவு செய்தார். வண்டி வர ஆறு மாதமாகும் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். வெறுங்கையோடு ஊர் திரும்ப அவருக்கு மனமில்லை. லாரிக்கு மாட்டுகிற ஹாரன் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அந்த ஹாரன் ஆபீஸ் மேசைமேல் பழைய பேட்டரி ஒன்றோடு குடியேறியது. ஒரு முறை அடித்தால் டீ. இரண்டு முறை அடித்தால் நான். மூன்று முறை அடித்தால் கணக்குப்பிள்ளை. அறுபது தறி ஓடுகிற சத்தத்தையும் மீறி அது தெருக்கோடிவரை கேட்கும். வேட்டைக்குப் பேர்போன எங்கள் ஊர் நாய்கள், முதலாளிக்கு டீ வேண்டும் என்றால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நான் அங்கே போனதும் அந்த வண்டியால்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தவள் நான். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் இங்கிலீஷ் ஹையரும் பாஸ் செய்து, அந்தச் சான்றிதழைப் பூட்டாத பெட்டியில் வைக்கப் பயந்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். மில்லில் வேலை பார்த்த அப்பா, "எம்மக இங்கிலீஷ்லயே டைப்படிப்பா" என்று டீக்கடையில் பேசியது ஹாரன் முதலாளி காதுக்குப் போய்விட்டது. கூப்பிட்டனுப்பினார்.

"இங்கிலீஷ்ல திட்டத் தெரியுமா தாயி?"

"மரியாதையாத் திட்டத் தெரியும் முதலாளி" என்றேன்.

"அதான் வேணும். வண்டிக்காரனுக்குத் தமிழ்ல எழுதினேன், பதிலே இல்ல. நீ எழுது. வண்டிச் சோலி முடியிற வரைக்கும் உனக்கு இங்க வேலை. முடிஞ்ச பொறவு கெளம்பிறலாம்."

பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை அதை மனதுக்குள் எழுதிக்கொண்டார். ஹாரன் முதலாளி சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டில் அம்மா வேறொரு முடிவில் இருந்தாள். என் அத்தை மகன் வன்னியம்பட்டியில் இரண்டு கிணற்றோடு காத்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, அந்த வேலை எம்புட்டு நாளைக்கு? வண்டி வந்ததும் வீட்டுக்கு வா. அடுத்த வைகாசியில கலியாணத்த முடிச்சிருவோம்" என்றாள். அத்தை மகன் நல்லவர்தான். ஆனால் என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, "கெணத்து மோட்டார்ல போட்டிருக்க இங்கிலீஷ் எழுத்த வாசிச்சுச் சொல்லுவியா?" என்பதுதான்.

ஆக, முதலாளிக்கு வண்டி சீக்கிரம் வர வேண்டும். எனக்கு அது வரவே கூடாது. இந்த நிலைமையில் வண்டி சீக்கிரம் வரக் கடிதம் எழுதுகிற வேலை என்னுடையது.

மனசாட்சிப்படிதான் எழுதினேன். முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. கடிதத்தை நான் உரக்க வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "ஒரு பக்கத்துல முடிஞ்சிட்டா? கோவம் பத்தலயே தாயி" என்பார். இரண்டாம் பக்கம் சேர்ப்பேன். ஒருநாள் கடைசி வரிக்கு அர்த்தம் கேட்டார். "தங்கள் விசுவாசமுள்ள" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"வண்டிய தராதவனுக்கு நாம எதுக்கு விசுவாசமா இருக்கணும்? எடு அத!"

அதற்குப் பிறகு எங்கள் கடிதங்கள் எல்லாம் "தங்கள் கோபமுள்ள" என்றே முடிந்தன. மதுரையில் அவற்றை ஒருவர் படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

வராத வண்டியில் ஏறிப் பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒத்திகை வேறு. குடோன் தரையில் சாக்பீஸால் வண்டி வரைந்து, உள்ளே பெஞ்சுகளைப் போட்டிருந்தார். வீட்டில் ஒன்பது பேர், வண்டியில் எட்டு இடம். யார் எங்கே, யார் மடியில் யார் என்று பட்டியல் எழுத நான் போக வேண்டும். முதலாளி முன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தட்டைப் பிடித்துத் திருப்புவார்.

"வராத வண்டியிலகூட எனக்குச் சன்னலோரம் இல்லையாக்கும்?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"செத்த நேரம் சும்மா இரு. வளைவு வருது, எல்லாரும் சாயுங்க."

எல்லோரும் சாய்ந்தார்கள். அடுத்த வளைவில் மூத்த மருமகளுக்குத் தலை சுற்றி, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். "பாத்தியா, நல்ல வேகம்" என்றார் முதலாளி.

ஆறு மாதம் எட்டு மாதமானது. ஒருநாள் மதுரையிலிருந்து பதில் வந்தது. வெள்ளை வண்டி வரத் தாமதமாகும். மெரூன் தயாராக நிற்கிறது. சம்மதமானால் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம். அதையும் நான்தான் உரக்க வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். மெரூன் என்றால் நாளை மறுநாள் எனக்கு வேலை இல்லை.

"மெரூன் நல்ல கலருதான முதலாளி" என்றார் கணக்குப்பிள்ளை.

"வெள்ளைன்னு வீட்டுல சொல்லிட்டேன்."

"வாயாலதான சொன்னீக?"

"பொறவு? என் வாய என்ன வாடகைக்கா எடுத்துட்டு வந்திருக்கேன்? வெள்ளைன்னா வெள்ளைதான். எழுது தாயி."

வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாகக் கோபக் கடிதம் எழுதியதில்லை. அந்த மெரூன் இன்னும் ஆறு மாதம் எனக்குச் சோறு போட்டது.

பதினான்காவது மாதம் வெள்ளை வண்டி வந்தே விட்டது. மேசையிலிருந்த ஹாரனைக் கழற்றி வண்டியில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு முதலாளிக்கு டீ வேண்டுமென்றால் ஆபீஸை விட்டு இறங்கி, வாசலுக்குப் போய், வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்து அடித்துவிட்டு வருவார். டீக்கடை எதிர்ப்பக்கம் பத்தடியில்தான் இருந்தது.

முதல் பயணம் கோவிலுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை கட்டுகிறவரிடம் சொல்லி, வண்டியின் முகத்துக்கென்றே ஆள் உயரத்துக்கு ஒரு மாலை வாங்கி வந்திருந்தார். பூவுக்கு நடுவே பூ நுழைய இடமில்லாத நெருக்கம். அதற்குமேல் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் மாவிலை, சந்தனம் பூசிய தேங்காய். வண்டிக்கு முகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நான்கு சக்கரமும் நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்க, ஒன்பது பேரும் ஏறினார்கள். பத்தாவதாக என்னையும் தாளும் பேனாவுமாகக் கடைசியில் திணித்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால் சூட்டோடு எழுத வேண்டுமாம்.

வன்னியம்பட்டி பக்கத்தில் ஆகிவிட்டது. முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பி, வெந்த செவ்வந்தி வாசனையோடு வண்டி நின்றது. "எழுது தாயி!" என்று கத்தினார் முதலாளி. நான் மைல்கல்மேல் உட்கார்ந்து எழுதினேன். உள்ளுக்குள் எனக்குப் பாட்டு வந்தது. வண்டிச் சோலி முடியவில்லை!

டிராக்டரில் கட்டி இழுத்து வந்த வண்டியைப் பார்க்க, மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார்.

"மாலையக் கழட்டுங்க சார். இஞ்சினுக்குக் காத்தே போகல."

"சாமிய நெனச்சுப் போட்ட மாலையக் கழட்டுறதா? தானா உதுந்து விழணும்யா. நீ வேணும்னா காத்து போற ஓட்டைய வேற பக்கம் வையி."

"வேற பக்கம்னா எங்க சார்?"

"அது ஒன் சோலி. தாயி, கம்பெனிக்கு எழுது. மூக்கு தப்பான எடத்துல இருக்கு."

எழுதினேன். வண்டியின் மூக்கை மாற்றச் சொல்லி ஒரு கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதிய முதல் பெண் நானாகத்தான் இருக்க வேண்டும். பதில் வருவதற்குள் மாலை தானாகவே உதிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவை நிஜமான கோளாறுகள். பின்கதவு உள்ளேயிருந்து திறக்காமல், முதலாளியின் சம்பந்தி ஒருவர் சீட்டுகளைத் தாண்டித் தாண்டி டிரைவர் பக்கத்துக் கதவு வழியாக இறங்கினார். கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி முதலாளியம்மா கையோடு வந்துவிட்டது. மழை பெய்தால் சன்னலோரத்தில் மட்டும் ஒழுகும். "அம்புட்டு சண்டை போட்டு வாங்குன சன்னலோரம்" என்று அவர் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். சாமி கும்பிடும்போது நான், அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும், முதலாளிக்குத் தொழில் நன்றாக நடக்க வேண்டும், வண்டிக்குக் கிளட்ச் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். மூன்றும் பலித்தன.

கடைசியில் என் கடிதங்களே எனக்கு எமனாயின. தொல்லை தாங்காத ஏஜென்சிக்காரர்கள் வண்டியை மதுரைக்கு எடுத்துப்போய், இரண்டு வாரம் வைத்திருந்து, ஒவ்வோர் ஆணியையும் சரி செய்து அனுப்பினார்கள். திரும்பி வந்த வண்டி பூனை மாதிரி ஓடியது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். ஒரு கோளாறும் இல்லை. என் டைப்ரைட்டருக்கு உறை போட்டாயிற்று.

"ஏம்மா, வண்டி நல்லாத்தான ஓடுது?" என்று கணக்குப்பிள்ளை முதலாளி காதில் விழுகிற மாதிரி கேட்டார். வீட்டில் அம்மா வைகாசிக்கு மண்டபம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை முதலாளி வந்ததும் சொன்னார். "தாயி, வண்டியில ஒரு சத்தம் வருது. எழுது."

எழுதினேன். அதற்கடுத்த திங்கட்கிழமை, சத்தம் இடப்பக்கம் போய்விட்டது. அதற்கடுத்து வலப்பக்கம். பிறகு மேட்டில் ஏறும்போது மட்டும். பிறகு, "நிப்பாட்டின பொறவும் வருது தாயி." ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம், அதற்கொரு பதில், அதை வைக்க ஒரு கோப்பு.

அதே மெக்கானிக் மறுபடியும் வந்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை வண்டிக்கு மேலும் கீழும் படுத்துப் பார்த்தார். கிருஷ்ணன்கோவில்வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். போகும்போது என் மேசைப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, நான் இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். அந்த வண்டியில ஒரு சத்தமும் இல்ல. அந்த அண்ணாச்சிக்கும் அது தெரியுது. என்னைய இந்த வேகாத வெயில்ல வரவச்சு, டீ வாங்கிக் குடுத்து, 'ஒண்ணும் கண்டுபிடிச்சிராதீரு'ங்கார். எதுக்குன்னுதான் வெளங்கல."

எனக்கு விளங்கியது. அந்தச் சத்தம் எனக்காக வந்த சத்தம். என் கையெழுத்தாலும் டைப்பாலும் நான் சம்பாதிக்கிறேன் என்று தெருவில் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தவள் நான். இரக்கப்பட்டுக் கொடுக்கிற வேலையில் உட்கார என்னால் முடியாது. நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"முதலாளி, வண்டியில ஒரு குறையும் இல்லையாம். நீங்க சொன்ன மாதிரி வண்டிச் சோலி முடிஞ்சிருச்சு. நான் நாளையிலிருந்து நின்னுக்கிறேன்."

கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார். முதலாளிக்கு வந்த கோபத்தை நான் மெரூன் வண்டிக்குக்கூடப் பார்த்ததில்லை.

"முடிஞ்சிருச்சா? யாரு சொன்னா? வண்டி என்னுதா, ஒன்னுதா? அறுவது தறி சத்தத்துல ஒரு நூலு அறுந்தா இந்தக் காது கேக்கும். வா வெளிய! கணக்குப்பிள்ள, நீரும் வாரும்!"

வாசலுக்கு வந்தோம். வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். மதுரைக்காரர்கள் நல்ல வேலைக்காரர்கள். இஞ்சின் ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும் போலிருந்தது. முதலாளி தலையை வெளியே நீட்டினார்.

"கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே முதலாளி" என்றார் கணக்குப்பிள்ளை.

"ஒமக்கு வயசாயிட்டு." என் பக்கம் திரும்பினார். மிரட்டுகிற மாதிரிதான் கேட்டார். ஆனால் சொன்ன சொல்லை மாற்றத் தெரியாத அந்த மனிதரின் கண் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது. "நீ படிச்ச பிள்ள. நல்லாக் கேட்டுச் சொல்லு தாயி. கேக்குதா, இல்லியா?"

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"கேக்குது முதலாளி" என்றேன்.

அதற்குப் பிறகு நான் அந்த ஆபீஸில் வேலை பார்த்த ஐந்து வருடமும் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.