சகாராவில் பனி கொட்டிய செவ்வாய்க்கிழமை

நான் பிடிவாதக்காரன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. சகாராவில் பனி கொட்டிய பிறகு அதை நிறுத்திவிட்டேன்.

லண்டனில் ஒரு காலநிலை ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சோதனையாளர் வேலை. பூமியின் காற்றையும் கடலையும் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, பல வருடங்களுக்குப் பிறகு வெயில் எப்படி இருக்கும் என்று பார்க்கும் மென்பொருள். விஞ்ஞானிகள் அதில் ஒரு வரியை மாற்றினாலும், புதிய விடைகளை ஏற்கெனவே சரிபார்த்த பழைய விடைகளோடு நான் ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. (கேட்க லேசாகத்தான் இருக்கும்.)

தகுதிகாண் காலத்தின் கடைசி வாரம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று தீர்மானம். மனைவி சுகந்தியோ, நிரந்தரமாகிவிட்டது என்றே நாங்கள் குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்திருந்தாள். திங்கள் காலை திரையைத் திறந்தால் நாற்பத்தொரு சிவப்பு.

விடுவேனா? வழிகாட்டிக் குறிப்பில் ஒரு வரி கண்ணில் பட்டது: மாற்றம் வேண்டுமென்றே செய்யப்பட்டதென்றால், பழைய விடைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கலாம். அந்த வரியின் முதல் பாதியை என் கண் பார்க்க மறுத்துவிட்டது. நாற்பத்தொன்றுக்கும் புதியதை வைத்து மறுபடி ஓட்டினேன். எல்லாம் பச்சைப் பசேல்! உடனே சுகந்திக்கு போன் போட்டேன். எல்லாம் சரியோ என்று கேட்டாள்.

“ஓம், வடிவாப் பாத்திட்டன்” என்றேன். (பார்த்தது பச்சையை மட்டும்.)

மறுநாள் தலைமை விஞ்ஞானி மார்கரெட் புதிய வரைபடத்தைச் சுவரில் காட்டினார். சகாரா முழுக்க வெள்ளைவெளேர் என்று பனி. யாரோ வெயில் கணக்கில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் அந்தச் சிவப்புகள் தொண்டை கிழியக் கத்தியிருக்கின்றன. மார்கரெட் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. இந்த விடைகளை எதோடு ஒப்பிட்டாய் என்று மெதுவாகக் கேட்டார். இதே விடைகளோடுதான் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே புகுந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

புகவில்லை. பிழையை நானே பிடித்துத் தருகிறேன், அதற்குப் பிறகு வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். பழைய விடைகளை மீட்டு, ஒவ்வொரு மாற்றமாகத் திரும்ப ஓட்டி, வெள்ளிக்கிழமை அந்தக் கழித்தலைப் பிடித்தேன். வேலை தப்பியது, தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீண்டது. கோலியர்ஸ் வுட்டுக்குச் சுகந்தி என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இப்போது நிரந்தரம்தான். வீட்டில்தான் என் சொல்லுக்கு மதிப்பில்லை. போன ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறி வைத்து, நானே ருசி பார்த்து, உப்பு அளவாக இருக்கிறது என்று அறிவித்தேன். சுகந்தி கரண்டியை வாங்கி மகளிடம் நீட்டினாள்.

“நீ ஒருக்கா பாரம்மா. அப்பா தன்ர கறியைத் தன்ர கறியோடதான் ஒப்பிட்டிருப்பார்.”

கறியில் உப்பே இல்லை.