நக்கோங்க

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். எத்தனையோ முறை தாளை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டு, சுழியோடு மூடி வைத்திருக்கிறேன். சுழி மட்டும் போட்ட தாள்கள் ஒரு கட்டு சேர்ந்து, என் மனைவி அவற்றில்தான் மளிகைச் சாமான் பட்டியல் எழுதுகிறாள். மங்களகரமாக இருக்கிறதாம். தயக்கத்துக்குக் காரணம் வேறொன்றுமில்லை. இந்தக் கதையில் நான் நல்லவனாக வருவதில்லை.

எங்கள் காலனியில் 'ஏனுங்க டீச்சர்' என்று பேர் வாங்கிய தமிழ் டீச்சரைப் போல இன்னொரு பிறவியை இந்தப் பூமி தாங்காது. அதட்டி மிரட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மரியாதை கொடுத்தே ஊரை நடுங்க வைத்தவர் இவர் ஒருவர்தான். கரண்ட் போய் மின்விசிறி நின்றால்கூட, அண்ணாந்து பார்த்து, "நின்னுட்டாங்களே" என்பார். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். திருநெல்வேலிப் பக்கம். ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் காலனிப் பிள்ளையார் கோயிலில் மாலை கட்டும் கைங்கரியம். கோயிலை ஒட்டிய ஹாலில், காலையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். நான் பின்வரிசைச் சுவரில் சாய்ந்து பூக் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்ப்பேன். கோயில் கமிட்டியில் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் ஆபீசர்கள். பூக் கட்டுகிறவன் என்பதால் என்னையும் சேர்த்திருந்தார்கள்.

ஒரு நவராத்திரி விழாவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கமிட்டித் தலைவர் மத்திய அரசு வேலையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரை மேடைக்கு அழைக்கும் பொறுப்பை என் மகளிடம் கொடுத்தார்கள். அபிராமிக்கு அப்போது ஒன்பது வயது. மைக்கைப் பிடித்து, கணீரென்று சொன்னாள்.

"தாத்தா, நீ வா. இங்க உக்காரு. மாலை போட்டுக்கோ."

தலைவர் பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கூட்டம் சிரித்தது பாருங்கள், ஷாமியானா கிழிகிற மாதிரி. அவள் பேரில் என்ன தப்பு? ஹைதராபாத்தில் பிறந்த பிள்ளை. பள்ளியில் தெலுங்கு, தெருவில் உருது கலந்த இந்தி. அவள் காதில் விழுகிற தமிழெல்லாம் நாங்கள் அவளை ஏவுகிற தமிழ்தான். வா, போ, தின்னு, படி. தமிழில் அவ்வளவுதான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு மேடைக்குப் பின்னால் கூட்டிப்போய் நானும் என் பங்குக்குத் திட்டினேன். அதோடு அவள் தமிழை விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும்.

தலைவர் பழைய வாத்தியாரை அனுப்பிவிட்டுப் புது டீச்சரைத் தேடினார். மாதாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் மளமளவென்று முளைத்த காலம் அது. ஒரு கம்பெனியில் வேலை கிடைத்த கணவரோடு கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஹப்சிகுடாவில் குடியிருந்தார் இந்தப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். அதுவரை ஒரு வகுப்பிலும் நின்றதில்லை. தலைவர் ஒரே நிபந்தனை போட்டார். மூன்று மாதம். அதற்குள் பிள்ளைகளுக்கு மரியாதை வரவேண்டும். வராவிட்டால் வகுப்பு உங்களுக்கு இல்லை. அந்தப் பெண் கைகூப்பி, "சரிங்கய்யா, நான் முயற்சி பண்றேனுங்க. எனக்கு இது மொத வகுப்புங்க, ரொம்ப ஆசையா இருக்குதுங்க" என்றது. ஒரே மூச்சில் நாலு 'ங்க' விழுந்ததை நான் எண்ணினேன்.

முதல் நாளே எனக்கு முதல் அதிர்ச்சி. ஹால் வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் கும்பிட்டு, "வாங்க சாமி, உள்ள வாங்க" என்றார். கோயம்புத்தூர்ப் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்று கொஞ்சுவார்களாம். எங்களுக்கு என்ன தெரியும்? யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தன. ஒரு பையன் வெளியே போய்த் தெருவையே பார்த்துவிட்டு வந்தான். எனக்கு நாரிலிருந்து அரை முழம் பூ கழன்று விழுந்துவிட்டது. பிள்ளையார் சன்னதிக்குப் பத்தடி தூரத்தில், மூக்கொழுகுகிற பிள்ளையைப் பார்த்துச் சாமியா?

பழைய வாத்தியார் விட்டுப்போன பிரம்பை அவர் ஒட்டடை அடிக்க வைத்துக்கொண்டார். கரும்பலகையில் எழுதிய முதல் தலைப்பு, 'டீச்சர் செய்யக் கூடாதவை'. என்னென்ன செய்யக் கூடாது என்று பிள்ளைகளையே கேட்டார். காதைத் திருகக் கூடாது. அம்மாவுக்குப் போன் பண்ணுவேன் என்று பயமுறுத்தக் கூடாது. அடிக்கக் கூடாது. வாயைத் திறக்க விருப்பமில்லாதவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்றார். அபிராமி ஒரு சீட்டு கொடுத்தாள். தெலுங்கில் எழுதியிருந்தது. டீச்சருக்குத் தெலுங்கு தெரியாது. பக்கத்துப் பிள்ளையிடம், "எனக்குப் படிச்சுக் காட்டறீங்களா?" என்று நீட்டினார். தப்பாகச் சொன்னால் சிரிக்கக் கூடாது என்று அதில் இருந்தது. டீச்சர் அதைத்தான் முதல் விதியாக மேலே எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. தலையைக் குனிந்து பூவைப் பார்த்துக்கொண்டேன்.

ஆறு வாரம் என் மகள் வாயே திறக்கவில்லை. டீச்சர் ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு வாரமும், "நீங்க கேட்டுட்டே இருங்க சாமி, அதுவும் படிப்புதானுங்க" என்பதோடு சரி. ஏழாவது வாரம், வகுப்பு முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டு வந்தவர், இன்னும் ஒரு கரண்டி போடட்டுங்களா என்று அபிராமியிடம் கேட்டார். அவள் கையால் தொன்னையை மூடிக்கொண்டு, "நக்கோங்க" என்றாள்.

ஹைதராபாத்தில் நக்கோ என்றால் வேண்டாம். தெருவில் காய்கறிக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லார் வாயிலும் அதுதான். அந்த நக்கோவுக்குப் பின்னால் கோயம்புத்தூர் 'ங்க'வைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டது என் பிள்ளை. டீச்சருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. குபீரென்று சிரித்துவிட்டார். அத்தனை பிள்ளைகளும் கரும்பலகையின் முதல் வரியைப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார். சுண்டல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் மகள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்புங்க சாமி. நான் சிரிச்சிருக்கக் கூடாதுங்க. மன்னிச்சுக்கங்க."

குரு ஸ்தானத்தில் இருப்பவர் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா? இதைக் கண்ணால் பார்த்த பாவத்துக்கு, நான் சன்னதியைப் பார்த்துப் பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அபிராமி வெகு நிதானமாக, "பர்வாலேதுங்க" என்றாள். பரவாயில்லை என்பதற்குத் தெலுங்கு. அதற்கும் ஒரு 'ங்க'.

அதன் பிறகு அந்த 'ங்க' அம்மை மாதிரிப் பரவியது. பிள்ளைகள் தெரு நாயிடம் "ஜரா ஹடோங்க" என்று, கொஞ்சம் நகரச் சொல்லி வழி கேட்டார்கள். வீட்டில் விளக்கு முன்னால் உட்கார்ந்து என் மகள், "முருகா, நீங்க வாங்க" என்று கூப்பிட, நான் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். முருகனை யாராவது நீங்க என்பார்களா? அவரை ஆபீசர் ஆக்கிவிட்டாளே.

கடைசியில் இது தலைவர் காதுக்கும் போனது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தமிழில் பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறார். அது பணிவாக, "நக்கோங்க தாத்தா" என்றிருக்கிறது. மனுஷருக்குக் கோபம் வந்துவிட்டது. இது எந்த ஊர்ப் பாஷை, இதைக் கற்றுக்கொடுக்கவா டீச்சர் வைத்தோம் என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். மூன்று மாதம் முடிய இரண்டே வாரம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன். அன்று கட்டி முடித்த மாலையைப் பாயில் வைத்திருந்தேன். விளையாட்டு மும்முரத்தில் ஓடிவந்த அபிராமி அதன் மேல் காலை வைத்துவிட்டாள். சாமிக்குச் சாத்த வேண்டிய மாலை. 

"ஏட்டி மூதி, சாமி மாலையில காலை வச்சுட்டு நிக்கியே" என்று எங்கள் ஊர் வசவோடு கையை ஓங்கிக்கொண்டு எழுந்தேன்.

எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை, டீச்சர் நடுவில் நின்றார்.

"அடிக்கக் கூடாதுங்ணா. பலகையில எழுதியிருக்குதுங்க."

"அது உங்களுக்கு எழுதுனது டீச்சர். நான் அவ அப்பன்."

"நீங்களும் வகுப்புக்குள்ளதானுங்ணா இருக்கீங்க." குரல் உயரவே இல்லை. "மாலை போனா வேற கட்டிக்கலாமுங்க. நானும் கூட உக்காந்து கட்டறேனுங்க. கொழந்தை பயந்து நிக்கறாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிருங்ணா."

நான் பெற்ற பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதுவும் மிதித்தது அவள். மிதிபட்ட மாலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, சாட்சிப் பொருளாக நேரே தலைவர் வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் அந்தப் பையை வாங்கிப் பார்த்து, சந்தோஷப்பட்ட மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் சாயங்காலமே கமிட்டி கூடியது. டீச்சரை வரச்சொல்லி, ஹாலில் ஒரு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் பிள்ளைகள் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். தலைவர், பிள்ளைகள் தமிழைக் கெடுத்ததையும் தெய்வ காரியத்தில் குறுக்கே நின்றதையும் குற்றமாக வாசித்தார். டீச்சர் எழுந்து கைகூப்பினார். தனக்கு வேறு வகுப்பு இல்லை, இந்தப் பிள்ளைகளோடு இருக்க விடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"அனுப்பிடலாம்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர். அவர் கை உயர்ந்தது. இன்னொருவர் கை உயர்ந்தது. மூன்றாவது கை உயர்ந்தால் முடிந்தது.

மூன்றாவது கை என்னுடையது.

தலைவர் மினிட்ஸ் நோட்டைத் திறந்தார். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல்.

"நக்கோங்க அப்பா."

திரும்பினேன். அபிராமி. கைகட்டி நிற்கிறாள். கண் முழுக்கத் தண்ணீர். அழுதுகொண்டே மறுபடி மெதுவாகச் சொன்னாள். "அப்பா, நீங்க நக்கோங்க."

எந்த ஊர்ப் பாஷை என்று இப்போது யாரும் கேட்கவில்லை. அவள் அழுது அடம் பிடித்திருந்தால் எனக்குக் கை இன்னும் விறைத்திருக்கும். தெலுங்கில் கத்தியிருந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று விட்டிருப்பேன். முந்தின நாள் அடிக்கக் கை ஓங்கியவனை, என் பிள்ளை நீங்க என்கிறாள். என் ஐம்பது வயதுக்கு யாரும் என்னிடம் அவ்வளவு மரியாதையாக எதையும் கேட்டதில்லை. லேத் பட்டறையில் யார் கேட்பார்கள்? மணிக்கட்டில் கல்லைக் கட்டியது மாதிரி கை தானாகக் கீழே வந்தது.

தலைவர் பேனாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, "என்னய்யா, தூக்கினியா இல்லியா?" என்றார்.

"தூக்குனேன் சார். இப்ப தூக்கல."

"மினிட்ஸ்ல என்னன்னு எழுதறது?"

"அப்படியே எழுதுங்க சார்."

இரண்டு கை போதவில்லை. டீச்சர் தங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் என்னையும் கும்பிட்டு உள்ளே வரச் சொன்னார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாகவே பிள்ளைகள் நடுவே போய் நின்றேன். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. என் மகளைப் பார்த்து என் வாயில் வந்தது இவ்வளவுதான்.

"ஏட்டி, மன்னிச்சுக்கோங்க."

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. விதி விதிதான். டீச்சர் மட்டும் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று வருஷம் கழித்து அவர் கணவருக்குப் புனேயில் வேலையாகிப் போய்விட்டார்கள். ஒவ்வொரு சதுர்த்திக்கும் நான் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது, குருக்கள் யார் பேருக்கு என்று கேட்பார். பெண்டாட்டி பிள்ளை பேரைச் சொல்லி முடித்து, டீச்சர் பேருக்கும் ஒன்று என்பேன். நட்சத்திரம் கேட்பார். தெரியாது, பிள்ளையாருக்குத் தெரிந்திருக்குமுங்க என்பேன்.

நான் இதை வாயால் சொன்ன ஒன்றிரண்டு பேர், வேறிடத்தில் சொல்லும்போது, நான் அந்த டீச்சருக்காகக் கமிட்டியில் வாதாடியதாக மாற்றிச் சொல்லிவிட்டார்கள். என் மேல் உள்ள பிரியத்தில் செய்தது. இதைப் படிக்கிற நீங்களும் புதிதாக வகுப்புக்குப் போகிற யாருக்காவது சொல்லுவீர்கள் என்றால், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இப்படியே சொல்லுங்கள். கை தூக்கியவன் நான்தான். அதை எடுத்துவிட்டால், அந்தக் கையை இறக்கிய டீச்சரும் என் மகளும் சிறியவர்களாகிவிடுவார்கள்.