ஈயமும் நிக்கலும் பொருத புன்னைக்காயல் மணல்

வாழ்க, ஈயம் சுமந்த தோளினன், தன் புகழ் தானே பாடும் நாவினன், தூத்துக்குடியில் பேட்டரி சார்ஜ் கடை நடத்தும் காசிலிங்கம்! வாழ்க அவன் பகைவன், கேளாதார்க்கும் பாடம் நடத்தும் வெண்சட்டை வேந்தன், கல்லூரி விரிவுரையாளன் ஜேசுபாதம்! எழுபத்து நான்காம் ஆண்டுச் சித்திரை வெயிலில் இம்மாவீரர் இருவரும் புன்னைக்காயல் மணலில் எதிரெதிர் நின்றனர்.

காரணம் இசபெல்லா. அவள் கணவன் கஸ்பாரின் வள்ளத்தை முந்தின வாரம் ஒரு கப்பல் இருட்டில் உரசாத குறையாகக் கடந்தது. அதுமுதல் அவளுக்கு உறக்கமில்லை. “வள்ளத்துல விளக்கு விடியிற மட்டும் எரியணும், கனமும் ஏறக்கூடாது. எந்த பேட்டரிய வைக்க?” என்று இருவரிடமும் கேட்டுவிட்டாள், பாவம்.

காசிலிங்கம் காரிலிருந்து கழற்றிய ஈய பேட்டரியை, மலை பெயர்த்தவன்போல் மூச்சிரைக்கச் சுமந்து வந்தான். ஜேசுபாதமோ கப்பலில் கழித்த நிக்கல்-காட்மியம் செல்களைத் தேக்குப் பெட்டியில், இளவரசியைப் பல்லக்கில் ஏற்றியதுபோல் கொணர்ந்தான்.

“ஒரு கிலோ ஈயம் தேக்குறதவிட ஒரு கிலோ நிக்கல் ஒன்றரை மடங்கு மின்சாரம் தேக்கும்!” என்று முழங்கினான். அது மெய்தான். மெய்யோடு நிறுத்தியிருந்தால் வள்ளத்தில் விளக்கு எரிந்திருக்கும்.

மீன் நிறுக்கும் தராசு வந்தது. தேக்குப் பெட்டி தட்டில் ஏறியதும் அந்த ஒன்றரை மடங்கு ஆட்டங்கண்டது.

“பெட்டியச் சேக்கக்கூடாது! செல்ல மட்டும் நிறுக்கணும்!” என்று ஜேசுபாதம் சங்கநாதம் செய்தான்.

“வே வாத்தியாரே, அப்பம் எனக்கும் ஆசிட்டச் சேக்கக்கூடாது!” என்று இடியென உறுமிய காசிலிங்கம், மூடிகளைத் திருகியெறிந்து, பேட்டரியின் உயிர்நீரனைத்தையும் சிப்பி மணலில் கவிழ்த்தான். மணல் நாகமெனச் சீறியது. எடை குறைந்தது, ஊர் ஆர்ப்பரித்தது, பேட்டரி பிணமாயிற்று.

எதிரி தன் கையாலேயே மாண்ட களிப்பில் ஜேசுபாதம் மார்பு விம்ம, கண்களைக் கூட்டத்தின்மேல் வைத்தபடியே கம்பிகளை எடுத்தான். பல்பைச் சேரவேண்டிய இரு கம்பிகளும் பிரிந்த காதலர்போல் ஒன்றையொன்று தழுவின. படீரென்ற ஓசையில் கடற்காக்கைகள் பறந்தன. செல்கள் கொதித்துக் கக்க, தேக்குப் பல்லக்கு புகைக்காடாயிற்று.

அந்தப் புகையின் நடுவிலும், கரிந்த புருவமும் ஆசிட் தின்ற வேட்டியுமாக, கிலோவுக்கு எவன் வென்றான் என்று அவ்விரு பெருந்தகையரும் விடாது கர்ஜித்தனர்.

“சாரு, அண்ணாச்சி, கொஞ்சம் அங்கன ஒதுங்குங்க. வள்ளத்த இறக்கணும்” என்றாள் இசபெல்லா.

பிறகு அரிக்கன் விளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கஸ்பாரிடம் கொடுத்தாள்.