பார்க்கிலே பெண் காட்டச் சொன்ன மச்சானுக்கு

கொட்டகலை,
1955, சித்திரை மாதம்.

மகாகனம் பொருந்திய என் மைத்துனர், மஸ்கெலியா அழகுமுத்து அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மீனம்மாளின் புருஷன் இராமையா பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் தங்கையும் தங்கள் மருமகளான எங்கள் மகள் தனலெட்சுமியும் மாரியம்மன் கிருபையால் சுகம். அவ்விடம் தங்கள் முழங்கால் வலி தீர்ந்ததா என்று அறிய ஆவல். சரியாக நுவரெலியா பஸ் புறப்படுகிற வேளை பார்த்து அந்த வலி எப்படி வந்தது என்பதையும் அறிய ஆவல்.

மச்சான், பெண்ணைத் தோட்டத்து லயத்து வீட்டிலே வைத்துக் காட்ட வேண்டாம், நுவரெலியா பார்க்கிலே வைத்துக் காட்டலாம் என்று சொன்னது யார்? தாங்கள்தான். லயத்திலே காட்டினால் பத்து வீட்டுக் கண்ணும் நம் வாசலிலேதான் இருக்கும், பார்க் என்றால் பிடித்தால் சம்பந்தம், பிடிக்காவிட்டால் பூ பார்க்க வந்தோம் என்று போய்விடலாம், யாருக்கும் அவமானமில்லை என்று தாங்கள் சொன்னபோது எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஏனென்றால் ஏற்கெனவே இரண்டு இடத்தார் வந்து பார்த்து, பலகாரத்தையும் சாப்பிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். அதற்கப்புறம் பிள்ளை பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால்கூட, "என்ன தனம், பதில் வந்துச்சா?" என்று கேட்காத ஆள் இல்லை. மூன்றாவதும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான், தேயிலை ஸ்டோரிலே லீவு சொல்லிவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளை வீட்டாரை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. அறிமுகம் செய்ய வேண்டிய தாங்கள் வரவில்லை. தாங்கள் சொல்லி அனுப்பிய அடையாளமோ, "நோட்டன் பிரிட்ஜ் பொன்னையா, கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, கையிலே குடை, கூட சம்சாரமும் பையனும்" என்பது. சீசன் நேரத்திலே நுவரெலியா பார்க்கிலே கறுப்புக் கோட்டும் குடையும் இல்லாத ஆம்பளை யாரு மச்சான்? நானே அப்படித்தான் நின்னேன். பார்க் வாசல்ல ஒரு மனுசன் என்னையே உத்து உத்துப் பாத்தாரு. உங்க தங்கச்சி, "ஊர் பேர் தெரியாத ஆளு, அந்தப் பக்கம் பாக்காதீங்க, பொம்பளப்புள்ளைய வச்சிருக்கோம்"னு சொன்னதால முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அது யாருன்னு அப்புறம் சொல்றேன்.

உள்ள போனா ஒரு பெரிய மரத்தடியில, நீங்க சொன்ன அடையாளம் அச்சு அசலா, கோட்டு, குடை, சம்சாரம், பையன்! நான் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்"னேன். அவரும் வாய் நிறைய, "அடடே, நல்லா இருக்கீங்களா?"ன்னாரு. உங்க தங்கச்சி விடியக்காலையில எந்திரிச்சுச் சுட்ட வடை, பணியாரம், பிளாஸ்குல தேத்தண்ணி எல்லாத்தையும் பரப்பினோம். அவங்களும் மறுக்கல. "பையன் எப்படி?"ன்னு கேட்டேன். "யேவாரத்தை எல்லாம் அவன்தான் பாத்துக்கிறான்"னாரு. கரண்டு ஸ்டேசன்ல வேலைன்னு நீங்க சொன்னீங்க, யேவாரமும் இருக்கு போல, மச்சான் அடக்கமா சொல்லியிருக்காருன்னு உங்களை மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். தனம் என் கோட்டைப் பிடிச்சு இழுத்து, "அப்பா, இவங்க இல்ல போல இருக்கு"ன்னுச்சு. "பெரியவங்க பேசயில நடுவில பேசாத, எல்லார் கால்லயும் விழுந்து கும்பிடு"ன்னுட்டேன். புள்ள விழுந்து எந்திரிக்கவும், ஊஞ்சல் பக்கமிருந்து ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வந்து, "இந்தாங்க, உங்க மகனைக் கொஞ்சம் பிடிங்க"ன்னு மாப்பிள்ளை மடியில போட்டுச்சு பாருங்க, எனக்கு வாயில இருந்த வடை உள்ளயும் போகல, வெளியவும் வரல!

நான் கும்பிட்டவரு அட்டன் பசார்ல துணிக்கடை வச்சிருக்கிற நாகலிங்கமாம். என்னைத் தன் கடையில தீபாவளிக்குத் துணி எடுத்த ஆளுன்னு நெனச்சு, வருசப்பிறப்பு மரியாதை பண்றேன்னு எல்லாத்தையும் தின்னிருக்காரு. நல்ல மனுசன், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அந்த நேரம் பாத்துத்தான் வாசல்ல பாத்த அதே மனுசன் குடையை ஓங்கிக்கிட்டு வந்தாரு. "நீங்கதான் கொட்டகலை இராமையாவா? வாசல்ல உங்களையே பாத்துக்கிட்டு நின்னேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. இங்க என்னடான்னா எனக்குக் காட்ட வேண்டிய பொண்ணை வேற வீட்டுக்காரங்க கால்ல விழ வைக்கிறீங்க!"ன்னாரு. அவருதான் மச்சான் பொன்னையா! நான் சமாதானமா, "அண்ணே, எல்லாக் கோட்டும் ஒண்ணு போல இருந்துச்சு"ன்னேன். "அப்ப என் மூஞ்சிக்கு மதிப்பில்ல, கோட்டுக்குத்தான் மதிப்பா?"ன்னு அவரு ஏற, எனக்கும் ரோசம் வர, ஒருத்தரை ஒருத்தர் விரட்டிக்கிட்டுப் போனதில ரெண்டு பேரும் மிதிக்கக் கூடாத புல்லு நடுவில நிக்கிறோம்.

பார்க் காவக்காரன் விசிலை ஊதிக்கிட்டு ஓடியாந்து, "தணகொள உட யண்ட எப்பா!"ன்னு கத்துறான். புல்லு மேல ஏறாதேன்னு அதுக்கு அர்த்தமாம், அப்புறம்தான் தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச சிங்களம் "ஹொந்தாய்" ஒண்ணுதான். அதனால "ஹொந்தாய், ஹொந்தாய்"னேன். நல்லது நல்லதுன்னு நான் சொல்லச் சொல்ல அவனுக்குக் கோபம் கூடுது. ரெண்டு பேர் கோட்டையும் பிடிச்சுட்டான். அப்பத்தான் நம்ம தனம் முன்னால வந்து, பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைங்களோட கொழுந்து எடுத்துப் பழகின சிங்களத்தில என்னமோ ரெண்டு வார்த்தை சொல்லிச்சு. காவக்காரன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். கோட்டை விட்டுட்டான். அதுகூடப் பரவாயில்ல, அந்த மாப்பிள்ளைப் பையன் முத்துலிங்கம் இருக்கானே, அவனும் சிரிச்சான் மச்சான்! பெத்த தகப்பனும் பொண்ணோட தகப்பனும் சந்தியில நிக்கயில, கண்ணுல தண்ணி வர அப்படி ஒரு சிரிப்பு!

அதுக்குள்ள மழை. எல்லாரும் பூத்தொட்டி வச்சிருந்த கொட்டகைக்குள்ள ஓடினோம். நாங்க ஒரு மூலை, அவங்க ஒரு மூலை, நடுவில நாகலிங்கம் குடும்பம். சமாதானம் பண்றேன்னு நாகலிங்கம் சம்சாரம், "பொண்ணு தங்கம், எங்க பையனுக்கு மட்டும் கலியாணம் ஆகாம இருந்தா நாங்களே எடுத்துக்கிருவோம்"னுச்சு. பொன்னையா அந்த மழையிலேயே இறங்கிப் போயிட்டாரு. குடையைக்கூட விரிக்கல.

பஸ்ஸில வரும்போது புள்ள காலி வடைச்சட்டியை மடியில வச்சுக்கிட்டு சன்னல் வழியா பாத்துக்கிட்டே வந்துச்சு. மூணாவதையும் நானே கெடுத்துட்டேனேன்னு நான் அது பக்கமே திரும்பல. அன்னையிலிருந்து அது தனியா இருக்கும்போது தானாச் சிரிக்குது மச்சான். மனசு உடைஞ்சுதான் இப்படின்னு பயந்து, பூசாரிகிட்டத் திருநீறு வாங்கிப் பூசியிருக்கோம்.

ஆகையால், மச்சான் அவர்களே, முடிவாக எழுதுகிறேன். நோட்டன் பிரிட்ஜ் சம்பந்தம் இனி இல்லை. அந்தப் பேச்சைத் தாங்கள் எடுக்கக் கூடாது, அந்தப் பொன்னையா எதிரே வந்தால் தாங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியது. அத்தாச்சிக்கு எங்கள் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, தங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
இராமையா

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் அடுப்பிலே போடவும். வேற காகிதம் இல்லாததால அப்படியே அனுப்புறேன். கவருக்குள்ள வைக்கப் போகயில பொன்னையா சம்சாரம் காளியாயி அக்கா வாசல்ல வந்து நின்னாங்க, கூட முத்துலிங்கம். தனம் காவக்காரன்கிட்டச் சொன்னது என்னன்னு அவங்க வாயிலதான் கேட்டேன். "ஐயா, இவங்க சம்பந்தி ஆகப்போறவங்க, சண்டையை இப்பவே பழகிக்கிறாங்க, கோவிச்சுக்காதீங்க"ன்னுச்சாம்! "அதைச் சொல்லிச் சொல்லி இவன் வீட்டுல இன்னும் சிரிக்கிறான். நாங்க இனி வேற எங்க போய்ப் பொண்ணு பாக்க?"ன்னாங்க. தனத்தைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா?"ன்னேன். "அன்னைக்கே சொல்லிட்டேனே, உங்களுக்குத்தான் சிங்களம் புரியலை"ன்னுச்சு. பொன்னையா வெக்கப்பட்டுக்கிட்டு ரோட்டு முடக்குலயே உக்காந்திருந்தாரு, நான்தான் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தேன். பத்து வீட்டாரும் எட்டிப் பாத்தாங்க, நல்லாப் பாக்கட்டும். வர்ற வெள்ளிக்கிழமை பரிசம். தவறாம வாங்க. பொன்னையா இப்ப பக்கத்திலதான் உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறாரு. தனக்குக் கொஞ்சமும் கோபமில்லைன்னு உங்களுக்கு எழுதச் சொல்றாரு. கோபமாத்தான் சொல்றாரு.