மூத்த மருமகனுக்கு முதலிடம்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதைச் சொல்ல வெட்கமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் வெட்கப்படுவதற்கு வேறு நிறைய விஷயங்கள் சேர்ந்துவிட்டன. கப்பல் வைத்திருப்பவர்கள் மீதோ மாளிகை கட்டியவர்கள் மீதோ எனக்கு ஒரு பொறாமையும் கிடையாது. அவர்கள் நன்றாக இருக்கட்டும். என் பொறாமை முழுவதையும் சிந்தாமல் சிதறாமல் ஒரே ஆளுக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். அவன் பெயர் சுதன். என் மனைவி வதனியின் தங்கை நளினியைக் கட்டியவன், அதாவது என் சகலன்.

நான் சுவிஸில், பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் முள் பொருத்துகிறவன். சுதனுக்கு சூரிச்சில் கணினி வேலை, அட்லிஸ்வில்லில் வீடு. நான் பெரிய டிவி வாங்கினால் அதைவிடப் பெரியது அவன் வீட்டில் போன வருடமே வந்திருக்கும். நான் தாடி வளர்த்தால் எனக்கு நோய் வந்ததா என்று கேட்பார்கள். அவன் வளர்த்தால் நல்ல எடுப்பு என்பார்கள். அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது. நான் மூத்த மருமகன். மாமியார் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் பந்தியில் முதல் இடம் எனக்கு, படம் பிடிக்கும்போது நடுக் கதிரை எனக்கு. சுதன் எப்போதும் இரண்டாவது. இந்த ஒழுங்கை நான் மிகக் கவனமாகக் காப்பாற்றி வந்தேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, முருகன் கோவிலுக்குப் போய்விட்டு அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். சாப்பாடு முடிந்ததும் ஜன்னல் திரையை மூடி டிவியைப் போட்டான். சாம்பியாவில் நடந்தே காடு பார்த்த படங்களாம். ஒன்றரை மணி நேரம் ஓடியது.

"ஜீப் இல்லை அண்ணை, கண்ணாடி இல்லை. கால்நடையாப் போனனாங்கள்," என்றான். "சிங்கம் அந்த அலுமாரியடியில நிக்குது எண்டு வையுங்கோ. நான் இஞ்ச நிக்கிறன்."

"பயப்பிடேல்லையோ?" என்று வதனி கேட்டாள்.

"என்ன பயம் அக்கா? ஓடக் கூடாது, அவ்வளவுதான். ஓடாமல் நிண்டால் அது ஒண்டும் செய்யாது."

வதனி அலுமாரியைப் பார்த்தாள். பிறகு சுதனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். (நான் அப்போது மூன்றாவது கிண்ணம் பாயாசத்தில் இருந்தேன்.) அந்தப் பார்வையில் திட்டு எதுவும் இல்லை, ஒரு சின்னக் கணிப்பு இருந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கீழ்வீட்டு நாயைக் கண்டால் மாடிப்படியில் காத்து நிற்கிறவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் ஒரே ஒரு தடவை என்னையும் அப்படி ஒரு மதிப்போடு பார்க்க வேண்டும் என்று அந்த நிமிடம் எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது.

"அடுத்த வருசம் நாங்களும் போறம்," என்றேன். கிண்ணத்தைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

ரயிலில் வீடு திரும்பினோம். ஓல்டன் ஸ்டேஷன் தாண்டியதும் வதனி, "மெய்யாத்தானோ?" என்று மட்டும் கேட்டாள். "ஓம்" என்றேன். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்டிருந்தால் நல்ல மனிதன் ஒருவன் அதோடு பொறாமையை விட்டிருப்பான். நான் சிங்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆயத்தங்கள் பலமாக நடந்தன. காட்டில் வெள்ளையும் பளிச்சென்ற நிறங்களும் ஆகாது என்பதால் காக்கிக் கால்சட்டைகள் வாங்கினேன். ஆனால் சுதனுடைய காக்கி படத்தில் நன்றாக வெளுத்துப் போயிருந்தது, பழைய வேட்டைக்காரனின் உடுப்பு மாதிரி. என்னுடையது பெட்டி மடிப்போடு புத்தம் புதிதாக இருந்தது. அதை வெளுக்க வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் கட்டிடத்து வாஷ்குக்கேயில், அதுதான் கீழ்த்தளத்துத் துவைக்கும் அறையில், ஒரு வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். நான் மற்றவர்கள் முறையிலும் புகுந்து ஒரே கால்சட்டையைத் திரும்பத் திரும்பத் துவைத்தேன். மூன்றாம் மாடிக்காரி கதவில் புகார்க் கடிதம் ஒட்டினாள். கால்சட்டை வெளுக்கவில்லை, சுருங்கியது.

நடைப் பயிற்சியும் உண்டு. பீலுக்கு மேலே உள்ள காட்டில் ஞாயிறுதோறும் நானும் வதனியும், சிங்கக் காட்டில் நடக்கிற முறைப்படி, ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் நடப்போம். ஒருநாள் எதிரே நாயோடு வந்த கிழவி "கிரூஸெக்" என்று வணக்கம் சொல்லிவிட்டு, வதனியைத் தனியே நிறுத்தி, வீட்டில் ஏதும் பிரச்சினையா, உதவி வேண்டுமா என்று விசாரித்தாள். (நாய் என்னை மோந்து பார்த்தது. நான் ஓடவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.)

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்காவும் தங்கையும் போனில் கதைத்தார்கள். வதனி போனை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"நளினியாக்களும் அந்தக் கிழமை ஃபேரியன் லீவு எடுக்கினமாம். நாலு பேருமாப் போனால் நல்லாத்தானே இருக்கும்?"

"நல்லது," என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு என் பலமெல்லாம் தேவைப்பட்டது.

சாம்பியாவில் இறங்கிய நாளிலிருந்தே அவன் கைதான் ஓங்கியிருந்தது. வழிகாட்டியின் பெயர் மோசஸ். சுதனை அடையாளம் கண்டு கட்டிப்பிடித்தார். எனக்குக் கைகொடுத்தார். பிறகு நடக்கும் ஒழுங்கைச் சொன்னார். துப்பாக்கிக் காவலர் முன்னால், அவர் பின்னால் மோசஸ். அடுத்ததாக, போன வருடம் வந்து பழகியவர் என்பதால் சுதன். பிறகு பெண்கள் இருவர். அதற்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் இடைவேளைத் தேநீரைக் கூடையில் சுமந்து வரும் பெரியவர்.

இருபது வருடத்தில் முதல் தடவையாக நான் சுதனுக்குப் பின்னால் போனேன். அதுவும் தேநீர்க் கூடைக்கு முன்னால். இரண்டு நாள் முழுக்க நான் பார்த்தது வதனியின் தொப்பியை. முன்னாலிருந்து செய்திகள் தொப்பி தொப்பியாக வந்து சேரும். யானை போகுதாம். ஒட்டகச்சிவிங்கி நிக்குதாம். என்னிடம் வரும்போது யானையின் வால்தான் மிச்சமிருக்கும். சுதன் குனிந்து சாணத்தைப் பார்த்து, "நேற்றையது" என்பான். மோசஸ் தலையாட்டுவார். உடனே வதனி, "பாத்தீங்களே, சாணத்தை வச்சே சொல்லுறான்," என்று என் பக்கம் திரும்பிக் கிசுகிசுப்பாள். சாணத்தில் தோற்றவன் என்ற பெயரும் எனக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலை தாங்க முடியவில்லை. கஞ்சிக் கோப்பையோடு மோசஸைத் தனியே கூட்டிப் போனேன். என் ஆங்கிலத்தில் விளக்கினேன்: நான் மூத்த மருமகன். எங்கள் குடும்பத்தில் மூத்த மருமகன்தான் முன்னால். பின்னால் நடப்பது எனக்கு மட்டுமல்ல, மாமியாருக்கும் அவமானம்.

மோசஸ் சிரிக்கவில்லை. "எங்கள் வீட்டிலும் மூத்தவருக்குத்தான் முதல் கதிரை," என்றார் மரியாதையாக. "வாருங்கள், எனக்குப் பின்னால் நில்லுங்கள். ஒரே ஒரு விஷயம், சேர். என் முதுகை மட்டும் பாருங்கள். நான் கையை உயர்த்தினால் நில்லுங்கள். என்ன நடந்தாலும் ஓட வேண்டாம். இந்தக் காட்டில் இரைதான் ஓடும்."

நான் முன்னால் வந்து நின்றதும் சுதனின் முகம் கறுத்தது. ஆஹா! அந்த ஒரு முகத்துக்காகவே டிக்கெட் எடுக்கலாம். "அண்ணை, கவனமாப் போங்கோ," என்று சொல்லிக்கொண்டே போனில் வீடியோவை ஓடவிட்டான். எடுக்கட்டும், நான் சிங்கத்தின் முன் நிற்பதை அவனே எடுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் சிங்கத்தின் அடிச்சுவடு கிடைத்தது. புத்தம் புதியது என்றார் மோசஸ். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நான் மோசஸின் முதுகைப் பார்த்தேன். பிறகு, சுதனின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை வந்தது. திரும்பிப் பார்த்தேன். இன்னும் கறுத்துத்தான் இருந்தது. மனம் குளிர்ந்தது. இன்னொரு தடவை பார்த்தேன்.

அந்த இரண்டாவது தடவையில்தான் மோசஸ் கையை உயர்த்தியிருக்கிறார். நான் காணவில்லை. முன்னால் திரும்பியபோது அவர் முதுகு என் மூக்குக்கு நேரே நின்றது. மோதாமல் தப்ப, பாதையை விட்டுப் பக்கத்துப் புதருக்குள் காலை வைத்தேன்.

புதர் வெடித்தது.

உள்ளே இருந்தவை கினிக்கோழிகள். சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட, மொட்டைத் தலைக் கோழிகள். அவை இருபதும் ஒன்றாகக் கத்திக்கொண்டு எழும்பி என் முகத்தில் சிறகடித்தன. ஆனால் அவை கோழிகள் என்பது எனக்குப் பிறகுதான் சொல்லப்பட்டது. அந்த நேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆபிரிக்கா முழுவதும் என் மேல் பாய்ந்துவிட்டது என்பது மட்டுமே. "ஐயோ முருகா!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். கால்கள் எப்போதோ கிளம்பிவிட்டன.

சுதனைத் தாண்டினேன். நளினியைத் தாண்டினேன். கட்டின மனைவியைத் தாண்டினேன். அவள் என் பையைப் பிடித்தாள், பை அவள் கையோடு போய்விட்டது. தேநீர்ப் பெரியவர் விலகிக்கொண்டார், கூடை விலகவில்லை. அதை உதைத்துக் கவிழ்த்துவிட்டு, எதிரே நின்ற ஆளுயரக் கறையான் புற்றில் ஏறினேன். சுருங்கிய கால்சட்டை நடுவில் கிழிந்தது. எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி, கண்ணை மூடிக்கொண்டு உச்சியில் நின்றேன்.

பின்னால் சிறகடிப்பு ஓய்ந்தது. பிறகு வதனியின் குரல், "எவ்வளவு வடிவு!" என்றது.

என்னைச் சொல்லவில்லை. நாற்பது அடி தள்ளி ஒரு புளியமரத்தின் கீழே சிங்கம் படுத்திருந்ததாம். பிடரி மயிர் வெயிலில் பொன்னாக மின்னியதாம். கோழிகளின் சத்தத்துக்கும் என் சத்தத்துக்கும் துள்ளி எழும்பி, எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, மறுபக்கம் பாய்ந்து ஓடிப் புல்லுக்குள் மறைந்ததாம். எல்லாம் 'ஆம்'தான். காவலர் பார்த்தார், சுதன் பார்த்தான், தேநீர்ப் பெரியவர்கூடப் பார்த்தார். நான் புற்றிலிருந்து திரும்பியபோது புளியமரம் மட்டும் இருந்தது.

மோசஸ் வந்து கைகொடுத்து இறக்கினார். "காயம் இல்லையே சேர்?" என்று கேட்டார். பிறகு மிக அக்கறையாக, "சிங்கத்தைப் பார்த்தீர்களா?" என்றார். மூன்று நாளாகச் சிரிக்காத காவலர் ஒரு மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

அன்றைக்குத் தேநீர் கிடையாது. ஒரு மரக்கட்டையில் வதனி தன் சால்வையை என் இடுப்பில் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏச்சுக்குத் தயாராக இருந்தேன்.

"உங்களை ஆர் சிங்கம் பாக்கச் சொன்னது?" என்றாள் மெதுவாக. "ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு எத்தினை வருசமாக் கேட்டனான். பக்கத்தில இருக்கிற லுசேர்ணுக்குக்கூடப் போகேல்லை. சுதன் போகாட்டில் இதுக்கும் வந்திருக்க மாட்டீங்கள், என்ன?"

சிங்கத்தின் முன் நின்றிருந்தாலும் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. இந்தப் பயணம் முழுக்க நான் பார்த்த ஒரே முகம் சுதனுடையது. அவள் யானையைக் கண்டு சிரித்த முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை, தொப்பியைத்தான் பார்த்திருக்கிறேன்.

"லுசேர்ணுக்குப் போவம்," என்றேன்.

"முதல் கால்சட்டை வாங்குங்கோ," என்றாள்.

போனோம். இப்போது மாதத்துக்கு ஒரு இடம் போகிறோம். அவள் முன்னால், நான் பின்னால். தொப்பி போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சுதனின் வீடியோ போன வருடம் மாமியாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அட்லிஸ்வில் மண்டபத்தில் பெரிய திரையில் ஓடியது. நடுங்காமல் எடுத்திருக்கிறான், அதற்கும் எனக்குப் பொறாமைதான். இடது ஓரத்தில் நான் இடது பக்கமாக ஓடுகிறேன். வலது ஓரத்தில் சிங்கம் வலது பக்கமாக ஓடுகிறது. நடுவில் கோழிகள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அதை மெதுவாக ஓடவிட்டு, யார் முதலில் ஓடியது என்று போனில் நேரம் பிடித்துப் பார்த்தார்கள். மாமாவே முந்தி என்று தீர்ப்பானது.

என் மரியாதை மட்டும் குறையவில்லை. இன்றைக்கும் மாமியார் வீட்டில் முதல் பந்தியில் முதல் இடம் எனக்குத்தான். கோழிக் கறிச் சட்டியோடு நளினி நேரே என்னிடம் வருவாள். "அத்தான், இது செத்துப் போச்சு. ஓடாதேங்கோ," என்பாள். பந்தி முழுவதும் சிரித்து முடிந்த பிறகுதான் சுதனுக்குப் பரிமாறுவார்கள்.

சுதன் மீது முன்பு போலப் பொறாமை இல்லை. இப்போதெல்லாம் அந்தச் சிங்கத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அதுவும் அதே கோழிக்குத்தான் ஓடியது. அதன் மாமியார் வீட்டில் யாரும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவதில்லை.