ஆஸ்பத்திரி ஆளா, சொந்தத் தொழிலா?

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. யாராவது மரியாதையாக நாலு கேள்வி கேட்டால் போதும், ஐந்தாவது கேள்விக்குள் நான் ராசாத்தி ஆகிவிடுவேன். (இதை எழுதுகிற பேத்தி இப்பவே சிரிக்கிறாள். கதை இன்னும் தொடங்கவில்லை, புள்ள.)

அறுபதுகளில் படுவான்கரைப் பக்கம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நேர்ஸ்மார் வரமாட்டார்கள். வாவியைத் தோணியில் கடக்க வேண்டும், மாரியில் வெள்ளம், கோடையில் யானை. வந்தவர்களும் ஒரு மழையோடு வந்த வழியே கிறுகிப் போய்விடுவார்கள். மிஞ்சியது ஒரு டாக்குத்தரும் ஒரு மிஸ்ஸியும். (நேர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்.) மிஸ்ஸி டவுனில் பறங்கிக் குடும்பத்துப் பெண். ஆள் என் தோளுக்குத்தான் வருவா, குரல் வாவிக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

ஆள் இல்லாத தவிப்பில், புண் கழுவக் கை சுத்தமான பெண் ஒருத்தியைத் தேடினார்கள். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத எனக்கு வெள்ளைச் சேலை கிடைத்தது அப்படித்தான். தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகம் நாலு வருசம் ஓடியது. அந்தச் சேலையை நான் கூறைச் சேலையை விடக் கவனமாக மடித்து வைப்பேன். (என் புருசனிடம் சொல்லாதே.)

ஒருநாள் டாக்குத்தர் கூப்பிட்டார்.

"பூரணம், கொழும்பில சட்டம் மாத்தியிருக்கிறாங்க. உன்னை மாதிரி தற்காலிக ஆக்களை வரிக்கு எந்தப் பக்கம் எழுதுற எண்டு விசாரிக்க ஒரு ஐயா வாறார். ஆஸ்பத்திரிக்குக் கீழ வேலை செய்யிறவள் எண்டு எழுதினா, உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் கேக்கலாம். கடைக்காரர் மாதிரி சொந்தத் தொழில் எண்டு எழுதினா, வரியையும் நீதான் பாக்கணும், இஞ்ச உண்ட பேரையும் வெட்டிப்போடுவாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"ஓம் ஐயா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வரி ஐயா முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். பிழை எங்கே நடந்தது என்றால், அவர் எனக்குக் கதிரை போட்டார். நாலு வருசத்தில் அந்தக் கட்டிடத்தில் நான் இருந்த முதல் கதிரை அது.

"அம்மா, எத்தனை மணிக்கு வரவேணும் எண்டு உங்களுக்கு ஆர் சொல்றது?"

"ஆரு சொல்ற? கோழி கூவ எழும்பி நானா வாறன்."

எழுதினார்.

"கத்தரிக்கோல், சாமான்கள்?"

"எண்ட சொந்தக் கத்தரிக்கோல். ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல் துருப்புடிச்ச சாமான்."

எழுதினார். "வீடு கணவரின்ர பேரிலயோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும்.

"வீடு எண்ட. வட்டைக்குள்ள வயலும் எண்ட. அவர் வந்து ஏறினவர்!"

"உங்களுக்கு வர ஏலாத நாளில?"

வெள்ளாமை வெட்டும் காலத்தில் ஒருத்திக்கு முடியாவிட்டால் அவள் வீட்டிலிருந்து வேறொருத்தி போவாள். ஆஸ்பத்திரியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"தங்கச்சி நல்லம்மாவை அனுப்புவன். போன வெட்டுக்கு ஒரு கிழமை அவள்தான் பூரணம். முக்காட்டை இழுத்து விட்டாள், டாக்குத்தருக்கே தெரியாது!"

டாக்குத்தர் என் கதிரைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு இருமல் கேட்டது.

"அப்ப உங்களுக்கு மேல ஆரும் இல்லையோ?"

"எனக்கு ஆரு கா உத்தரவு போடுற?" என்று கால்மேல் கால் போட்டேன். (வாழ்க்கையில் முதல் தடவை. கதிரையிலிருந்து விழப் பார்த்தேன்.)

"சொந்தத் தொழில்" என்று வாய்விட்டுச் சொல்லியபடி எழுதிய ஐயா, என் பெருவிரலில் மையைத் தடவினார். அப்போதுதான் டாக்குத்தரின் முகத்தைப் பார்த்தேன். செத்த வீட்டு முகம். வெள்ளைச் சேலை, நாலு வருசம், எல்லாவற்றையும் என் வாயே தின்றுவிட்டது. விரல் அந்தரத்தில் நிற்கிறது. வைக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"பூரணம்! ஏழாம் கட்டில்! சட்டி!"

மிஸ்ஸியின் குரல். பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, கால்தான் பொறுப்பு. "ஓம் மிஸ்ஸி, இந்தா வாறன்!" என்று கதிரையைத் தள்ளி விழுத்திக்கொண்டு பாய்ந்தேன். புத்தி வந்தபோது ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் மலச்சட்டியோடு நிற்கிறேன். சட்டியில் என் பெருவிரல் அடையாளம் நீலமாக, அச்சடித்த மாதிரி.

என்ன நடந்தது என்று பார்க்க வரி ஐயாவும் வார்ட்டுக்குள் வந்துவிட்டார்.

"ஆரது சேத்துக் காலோட?" என்றா மிஸ்ஸி. "இப்பதான் கழுவின நிலம். கிறுகுங்க வெளியில!"

"ஓம் மிஸ்ஸி" என்றார் வரி ஐயா.

வாசலில் நின்று, கையில் இருந்த தாளை ஒருதரம் பார்த்தார். மறுகா, "சொந்தத் தொழில்" என்று எழுதினதை ஒரே கோடாகக் குறுக்கே வெட்டி, மேலே "ஆஸ்பத்திரி ஆள்" என்று எழுதினார்.

"டாக்டர், இவவுக்கு மேல ஆர் எண்டு இப்ப எனக்கு நல்லா விளங்குது. எனக்கும் மேலதான்."

நான் கை கழுவிவிட்டு வந்து, இந்த முறை சட்டியில் இல்லாமல் தாளில் விரல் வைத்தேன்.

வேலை பிறகு நிரந்தரமானது. நல்லம்மாவையும் எடுத்தார்கள். "அந்த ஒரு கிழமை பூரணம்தான் கொஞ்சம் வாய் குறைவா நல்லா வேலை செய்தவள்" என்றார் டாக்குத்தர்.

இப்போதும் வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கும்போது, இது என் வீடு, என் வயல் என்று நான் கதிரையில் சாய்ந்து பெருமை பேசத் தொடங்கினால், வந்து ஏறின மனுசன் மூலையிலிருந்து மெல்லச் சொல்லுவார்: "பூரணம், ஏழாம் கட்டில்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழும்பின பிறகுதான் இது ஆஸ்பத்திரி இல்லை என்று எனக்கு ஞாபகம் வரும்.